வேலந்தாவளம் எடைமேடை, இரவு 2.41

மூன்று லாகிங் லைப்ரரிகளை இறக்கி வைத்துக்கொண்டுதான்
கொழிஞ்சாம்பாறைப் பேருந்தில் ஏறினேன்.
மடியில் கணினி. ஜன்னலில் கணவாய்க் காற்று.

முதலாவது பெரிய இடத்துப் பிள்ளை.
கோப்பில் எழுதும், மின்னஞ்சல் அனுப்பும்,
ஏழு கடல் தாண்டி ஒரு சர்வரிடமும் போய்ச் சொல்லும்.
அமைப்புக் கோப்பு மட்டும் இருநூறு வரி.
இரண்டாவது எதைச் சொன்னாலும்
அடைப்புக்குறிக்குள் அடுக்கித் தரும்,
எந்திரம் படிக்கத் தோதாக.
மூன்றாவது பொடியன். நாற்பது கிலோபைட்.
பெற்றவர் அதைக் கடைசியாகத் தொட்டு
நாலு வருஷம்.

மூன்றுக்கும் அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்திருந்தேன்,
நொடிக்கு எத்தனை லட்சம் வரி எழுதும் என்று.

எடைமேடைக்கு
ஒரு நாளைக்கு அறுபது வண்டி வரும்.

ஸைனபா கேபினைத் திறந்துவிட்டாள்.
விண்டோஸ் ஏழு. இணையம் இல்லை.
கீபோர்டில் பூஜ்யம் தேய்ந்து வெறும் பள்ளம்.
"காத்தடிச்சா கரண்ட் போகும் சேச்சி" என்றாள்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

ஆடியில் ஒரு ராத்திரி. வைக்கோல் லாரி.
அப்புறம் பாலக்காட்டில் நிறுத்துப் பார்த்தால்
முந்நூற்றிருபது கிலோ குறைவு.
முதலாளி அவள் சம்பளத்தில் பிடித்தார்.
பிடித்ததைவிட, பிடிக்கும்போது பேசியது.

அன்றைய பதிவைத் திறந்தேன்.
02:41 ஏதோ தவறு நேர்ந்தது
02:41 ஏதோ தவறு நேர்ந்தது
பதினோராயிரம் தடவை அதே வரி.
வட்டு நிரம்பிய இடத்தில்
02:58 ஏதோ தவ

எழுதியவள் நான்.
மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை,
ஆறரை மணி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில்.

அவளிடம் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.
எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிட்டு
என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் பரீட்சை.
பெரியவன் கடைசி நாற்பது வரியை
நினைவில் வைத்துக்கொண்டே செத்துப்போனான்.
இரண்டாமவன் மூடாத அடைப்புக்குறியோடு கிடந்தான்;
என் கருவி அவனைத் தொடவே மறுத்தது.
பொடியன் ஒவ்வொரு வரியாய் வட்டில் இறக்கியிருந்தான்.
ஆனால் அவனுக்குக் கோப்பை மாற்றத் தெரியாது,
மறுபடியும் ஒரு நாள் வட்டு நிரம்பும்.

பெரியவனையே எடுத்தேன்.
இருநூறு வரியை ஒன்பதாகக் குறைத்து,
உடனே எழுது, பத்து மெகாவில் புதுக்கோப்பு திற,
ஏழுக்கு மேல் சேர்க்காதே, ஓட்டுநர் போன் நம்பரை எழுதாதே
என்று காதைத் திருகி உட்காரவைத்தேன்.

எது எச்சரிக்கை, எது பிழை?
கேட்டேன்.
"வெளிய லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எர்ரர்.
மத்ததெல்லாம் சும்மா."

அவள் தலைக்குப் பின்னால் மலையாளக் காலண்டர்.
பால் கணக்குக் கட்டங்களுக்கு நடுவே
அந்தத் தேதியில் பென்சிலால் ஒரே சொல்.
எனக்கு எழுத்து தெரியாது. விரல் வைத்துப் படித்தாள்:
காற்று.

வைக்கோல் பாரம் பாயைப்போல் காற்றை வாங்கும்.
மேடை ஆடும். எண் நிற்காது.
நிற்காத எண்ணை மூன்று நொடி பார்த்துவிட்டு
அச்சடி என்று சொல்லியிருந்தது என் நிரல்.

காலண்டர் பதிவேடு ஆகாது என்றாராம் முதலாளி.
என் பதினோராயிரம் வரி ஆகுமாம்.

லைப்ரரி எதுவும் வாக்கியம் எழுதித் தராது.
சாயங்காலம் வரை உட்கார்ந்து
ஒன்றே ஒன்றைத் திருத்தினேன்:
"எடை நிலைக்கவில்லை. எட்டு முறை கேட்டது,
எட்டு விடை வந்தது. அச்சிடவில்லை."
அதன் கீழே, அவள் சொல்லச் சொல்ல, மலையாளத்திலும்.

நடந்த இரவுக்குள் போய் எழுத எதற்கும் வழியில்லை.
முதலாளிக்கு ஒரு கடிதம் தட்டினேன்; தவறு என்னுடையது,
பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள்.
அனுப்ப இங்கே இணையம் இல்லை.
பென்டிரைவில் ஏற்றினேன்.

வெளியே ஒரு லாரி. காற்று.
ஸைனபா பொத்தான்மேல் கை வைத்து
அழுத்தாமல் இருக்கிறாள்.
12,460. 12,380. 12,510.
ஹாரன்.